மலையில் மேகம் இறங்கும்போது

பழனிக்குக் காவடி எடுத்து நடந்தே போகும் எடப்பாடிப் பக்கத்தில், கேதார்நாத் போகப் பணம் சேர்த்து வைத்திருப்பவர்களும் இருப்பீர்கள். மலையேற முடியாத பெரியவர்கள் ஹெலிகாப்டருக்குப் பதிவு செய்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் பேசுகிறேன்.

2022 அக்டோபர் 18 அன்று, தரிசனம் முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு கேதார்நாத்திலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர், கருட் சட்டி அருகே மலையில் விழுந்தது. அப்போது அங்கே மூடுபனி. விமானியோடு ஏழு பேர் இறந்தார்கள்; மூவர் தமிழ்நாட்டுக்காரர்கள். 2025 ஜூன் 15 அதிகாலையில், கௌரிகுண்ட் அருகே இன்னொன்று. அன்றும் பார்வையை மறைக்கும் வானிலை. அன்றும் ஏழு பேர், அதில் ஒரு சின்னக் குழந்தை.

ஏற்காடு மலைப்பாதையில் பனி இறங்கினால் பஸ் டிரைவர் விளக்கைப் போட்டு ஓரங்கட்டிவிடுவார். ஆகாயத்தில் ஓரம் ஏது? நாம் சாய்கிறோமா, நிமிர்ந்திருக்கிறோமா என்பதைக் கண்ணும் உள்காதும் சேர்ந்துதான் சொல்கின்றன. கண்ணுக்கு எதுவும் தெரியாமல் போனால் காது ஏமாந்துவிடும். விமானம் ஒருபக்கமாகச் சரிந்துகொண்டே இருக்கும். ஓட்டுகிறவருக்கோ நேராகப் போவதுபோலவே தோன்றும்.

1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே தெரியாதபடி மறைத்து ஓட்டச் சொன்னார்கள். 20 பேருக்கும் விமானம் கைமீறியது. சராசரியாக 178 விநாடி, மூன்று நிமிடம்கூட இல்லை. அந்தச் சோதனையில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முக்கியமான வித்தை, வந்த வழியே திரும்பி வெளியே வருவது.

அந்தத் திரும்புதலைத் தடுப்பது எது? அலாஸ்காவில் கெச்சிக்கன் என்றொரு ஊர். 2015 ஜூன் 25 அன்று, தண்ணீரில் ஏறி இறங்கும் சிறிய மிதவை விமானம் ஒன்று, உல்லாசக் கப்பல் பயணிகள் எட்டுப் பேரைச் சுற்றிக்காட்டிவிட்டுத் திரும்புகையில், மேகம் மூடிய மலையில் மோதியது. விமானியோடு சேர்த்து ஒன்பது பேரும் இறந்தார்கள். விசாரணை விமானியின் முடிவோடு நிற்கவில்லை. மோசமான வானிலையிலும் பறப்பதை வழக்கமாக்கிய நிறுவனத்தையும், கப்பல் கிளம்பும் நேரத்துக்குள் ஆட்களைக் கொண்டுசேர்க்க வேண்டியிருந்த நெருக்கடியையும் சேர்த்தே பேசியது.

அப்படிப்பட்ட நெருக்கடியைப் பயணிகளும் உண்டாக்குகிறோம். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், நாளைக்கு ரயில்" என்று கவுண்டரில் சண்டை போடுகிறோம். "இன்று பறக்க முடியாது" என்று ஒரு விமானி சொன்னால், நம் உயிருக்காகப் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து கிளம்பும்போதே திரும்பும் டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். பெரியவர்களின் மாத்திரைகளையும் அந்த இரண்டு நாளுக்குச் சேர்த்தே எடுத்துவையுங்கள்.