செம்பு தந்த துணிச்சல்



நகை என்றால் எத்தனை சவரன் என்கிறோம். சேதாரம் எவ்வளவு, செய்கூலி எவ்வளவு என்கிறோம். ஆனால் செம்பையும் பித்தளையையும் வளைத்தே உலகம் மதிக்கும் நகைக் கலைஞராக உயர்ந்த ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர்தான் ஆர்ட் ஸ்மித்.

ஜமைக்காவைச் சேர்ந்த பெற்றோருக்கு 1917-இல் கியூபாவில் பிறந்து, நியூயார்க்கின் புரூக்ளினில் வளர்ந்தவர். கறுப்பின மாணவர்கள் மிகச் சிலரே இருந்த கூப்பர் யூனியன் கல்லூரியில் சிற்பம் பயின்று 1940-இல் பட்டம் பெற்றார். பிறகு இரவு வகுப்பில் நகை செய்யக் கற்றார். வினிஃப்ரெட் மேசன் என்ற கறுப்பினப் பெண் கலைஞரின் பட்டறையில் உதவியாளராக இருந்து தொழில் பழகினார். 1946-இல் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் சொந்தக் கடை போட்டார்.

கறுப்பர் ஒருவர் அங்கே கடை வைப்பதா என்று சிலருக்குப் பொறுக்கவில்லை. கடையின் கண்ணாடியை உடைத்தார்கள். அவர் ஊரைவிட்டு ஓடினாரா? இல்லை! அதே வட்டாரத்தில், மேற்கு நான்காம் தெருவில் மீண்டும் கடை திறந்தார். பல ஆண்டுகள் அங்கேயே நின்று தொழில் செய்தார்.

அவர் கலையின் சிறப்பு எது? உடலில் ஏறும்வரை நகை முழுமை பெறுவதில்லை என்பது அவர் கொள்கை. உலோகத்துக்கு இடையே அவர் விட்ட வெற்றிடத்தில் அணிந்தவரின் தோல் தெரியும். அதுவும் வடிவத்தில் ஒரு பங்கு. ‘லாவா’ என்ற அவருடைய கைவளையைப் பாருங்கள். எரிமலைக் குழம்பு வழிவதுபோல் செம்பும் பித்தளையும் ஒன்றன்மேல் ஒன்றாக முன்கையைத் தழுவி ஓடும். டாலி பீட்டி போன்ற நடனக் கலைஞர்களுக்கும் அவர் நகை செய்தார். ஆடும் உடலுக்கு, கடைசி வரிசைக்கும் தெரியும்படி செய்த பழக்கம் அவர் வடிவங்களைப் பெரிதாக்கியது.

இத்தனை துணிச்சல் எங்கிருந்து வந்தது நண்பர்களே? தங்கத்தில் வேலை செய்பவர் ஒவ்வொரு குன்றிமணிக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். செம்புத் தகட்டில் வெட்டு பிசகினால் இன்னொரு தகடு எடுக்கலாம். அந்த விடுதலையை ஆர்ட் ஸ்மித் முழுவதும் பயன்படுத்திக்கொண்டார். புகழும் தேடி வந்தது. இசைமேதை டியூக் எலிங்டனுக்கு அவர் சட்டைக்கைப் பொத்தான்கள் செய்தார். அமெரிக்க அதிபராயிருந்த ரூஸ்வெல்ட்டின் துணைவியார் எலினார் அம்மையாருக்கு, உடையில் குத்திக்கொள்ளும் ஒரு புரூச் அவர் கையால் உருவானது. 1969-இல் நியூயார்க்கின் சமகாலக் கைவினை அருங்காட்சியகம் அவருக்கென்றே தனிக் கண்காட்சி வைத்தது. 1982-இல் அவர் மறைந்தார். 2008-இல் புரூக்ளின் அருங்காட்சியகம் அவர் படைப்புகளை மக்கள் முன் வைத்துக் கொண்டாடியது.

ஆகவே இந்த அவைக்கு என் வேண்டுகோள் இதுதான். சிற்பம் படிக்கும் மாணவரையும் பட்டறையில் பழகும் இளைஞரையும் ஒரே பலகையில் அமர்த்துங்கள். அவர்கள் கையில் செம்புத் தகட்டையும் சுத்தியலையும் கொடுங்கள். பிசகட்டும், மறுபடி வெட்டட்டும். அதற்கான இடத்தையும் நேரத்தையும் கொடுப்பது ஊர்ப் பெரியவர்களாகிய நம் கடமை.