வசவு வாங்குவது வேலையில் சேர்த்தியல்ல

(பொம்மசந்திராவில் சங்கக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் கூலி பற்றியும் பி.எப். பற்றியும் பேசினோம். முடிந்து வெளியே வரும்போது தையல் வேலை செய்யும் தங்கை ஒருவர் கேட்டார்: "அண்ணா, காசு குறைச்சலைக்கூடத் தாங்கிக்கலாம். அந்த வாயைத் தாங்க முடியலையே, அதுக்கு என்ன வழி?" அன்று நம்மிடம் பதில் இல்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டோம்.

நமக்கும் இது புதிதல்ல. ஆபீசில் சேர்ந்த காலத்தில் பெரிய குமாஸ்தா ஒருவர் நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. தாயை இழுத்துத்தான் கூப்பிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள், நாமும் சிரித்தோம். வெட்கத்தோடு சொல்கிறோம்: இரண்டு வருடம் கழித்து வந்த பியூனை நாமும் அப்படியே கூப்பிட்டோம்.

மணிக்கு இத்தனை பீஸ் என்று மேலே இருப்பவன் சூப்பர்வைசரை நெருக்குகிறான். மிஷினை வேகமாக ஓட்ட அவனிடம் வேறு கருவி இல்லை, வாய்தான் இருக்கிறது. அவனும் சம்பளக்காரன்தான். அதற்காக அவனை மன்னிக்கச் சொல்லவில்லை. வசவு எங்கே தயாராகிறது என்று சொல்கிறோம்.

பதிலுக்குத் திட்டினால் என்ன? மகிந்திரா கம்பெனித் தொழிலாளி ஒருவர் சூப்பர்வைசரை ஆபாசமாகத் திட்டினார் என்ற வழக்கில், அவரை வேலையிலிருந்து நீக்கியது சரியே என்று சுப்ரீம் கோர்ட் 2005-ல் தீர்ப்பளித்தது. 1982-ல் ரமாகாந்த் மிஸ்ரா வழக்கில் அதே கோர்ட், நீக்கம் மிகையான தண்டனை என்றது உண்மை. அதை நம்பி வாயை விடாதீர்கள். திட்டிய சூப்பர்வைசர் வேலை இழந்ததை நாம் இதுவரை பார்த்ததில்லை.

பெண்களைப் பாலியல் ரீதியாகப் பேசினால் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருந்தே ஆகவேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். பட்டியல் சாதியாரைப் பலர் முன்னால் சாதிப் பெயரால் ஏசினால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைச் சட்டம். வெறும் "நாயே, கழுதையே" என்றால்? போலீஸ் ஸ்டேஷனில் போய் ஜெயிப்பது லேசல்ல. அங்கேதான் சங்கம் வேண்டும்.

திண்டுக்கல்லைப் பாருங்கள். 2021 ஜனவரியில் அங்கே ஒரு தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டாள். மேற்பார்வையாளர் மீதே வழக்கு. அதன்பிறகு தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் கம்பெனியுடனும், சட்டை வாங்கும் எச் அண்ட் எம்முடனும் ஒப்பந்தம் போட்டது. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்தெடுத்தது. திட்டினால் அந்தப் பெண்களிடமே புகார். ஒரு உயிர் போன பிறகுதான் இது வந்தது என்பதை மறக்க முடியவில்லை.

இங்கே நமக்கு அப்படி ஒப்பந்தம் இல்லை. ஆகவே ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். தேதி, நேரம், சொன்ன வார்த்தை அப்படியே, கூச்சப்படாமல், பக்கத்தில் யார் நின்றார்கள் என்று அன்றைக்கே எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள், நம்மிடம் வாருங்கள். மேலதிகாரியிடம் ஒருவராகப் போகாதீர்கள், நாலு பேராய்ப் போங்கள். கன்னடத் தோழியையும் கூட்டிப் போங்கள், அவளும் அதே வாயைத்தான் கேட்கிறாள்.

ஆண் தோழர்களே, நமக்குள் "சும்மா தமாஷ்" என்று பேசும் தாய், தங்கை வசவையும் இந்த நோட்டில் எழுதப் போகிறார்கள். இப்போதே சொல்லிவிட்டோம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது நோட்டுகளைக் கொண்டுவாருங்கள். உட்கார்ந்து படிப்போம்.