வயிற்றெரிச்சலுக்கு மிளகாய் மட்டும்தான் காரணமா?

(ஆதரவாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களிடம் வயிற்றுவலியைப் பற்றிக் கேட்டால், "காரம் சாப்பிட்டேன், எரியுதுங்க" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடியும் மெஷினில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பழியெல்லாம் மிளகாய் மேல் போய்விடுவதால், உண்மையான வியாதி உள்ளே வளருகிறது. அதனால்தான் இன்று இதைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

மிளகாயில் உள்ள காப்சைசின் என்னும் பொருள், சூட்டை உணருகிற நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. நெருப்புப் பட்டதுபோல் எரிந்தாலும் அங்கே தீக்காயம் உண்டாவதில்லை. இந்த உணர்வின் வழியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நெஞ்செரிச்சல், அஜீரணம், மூலம், ஆசனவாய் வெடிப்பு உள்ளவர்களுக்குக் காரம் வேதனையைக் கூட்டும். அவர்கள் குறைத்துக்கொள்வது நல்லது. காப்சைசின் தண்ணீரில் கரையாது; ஆகவே வாய் எரியும்போது தண்ணீரைவிடப் பாலும் தயிரும் உதவும். ஆனால் அல்சர் என்னும் குடற்புண்ணை மிளகாய் உண்டாக்குவதில்லை.

அப்படியானால் அல்சர் எதனால் வருகிறது? மிஷன் மருத்துவர்கள் பல ஆண்டுகள் இந்தக் கேள்வியோடு போராடினார்கள். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் அன்று திருவிதாங்கூரில் இருந்தது. 1838-ல் தொடங்கிய அவ்வூர் மிஷன் ஆஸ்பத்திரியில், 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல், ஏராளமான அல்சர் நோயாளிகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். குன்னூரில் சர் ராபர்ட் மெக்காரிசன், திருவிதாங்கூர் ஏழைகளின் ஆகாரத்தைக் கொடுத்து வளர்த்த எலிகளில் இரைப்பைப் புண்ணைக் கண்டார். சத்தில்லாத ஆகாரத்தின் மேல் அன்று சந்தேகம் எழுந்தது. இருந்தும் முழு விடை கிடைக்கவில்லை.

1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியை இரைப்பையிலிருந்து வளர்த்துக் காட்டினார்கள். 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அன்று அறுவைச் சிகிச்சைக்குப் போன பலருக்கு, இன்று இரண்டு வார மருந்திலேயே சுகம் கிடைத்துவிடும்.

அல்சருக்கு இரண்டு பெரிய காரணங்கள் உண்டு. ஒன்று இந்தக் கிருமி. நெருக்கமான லைன் வீடுகளிலும், சுத்தமில்லாத தண்ணீராலும் இது எளிதில் பரவக்கூடும். பெரும்பாலும் சிறுவயதிலேயே தொற்றிக்கொள்கிறது. மற்றொன்று வலி மாத்திரை. ஒன்றரை ஷிப்ட் ஓவர்லாக் மெஷினில் குனிந்து உட்கார்ந்தால் முதுகு வலிக்கத்தான் செய்யும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளை அடிக்கடி விழுங்கினால், இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் தன்மை குறைந்து புண் உண்டாகிறது. பீடி, சிகரெட் பிடித்தால் அந்தப் புண் ஆறத் தாமதமாகும்.

காலையில் டீயும் பன்னும், மதியம் அவசரச் சாப்பாடு, சனிக்கிழமை சம்பளம் வாங்கிய இரவில் பரோட்டாவும் சில்லி சிக்கனும் என்று நாட்கள் ஓடும்போது, எரிச்சல் வருவது இயல்புதானே என்று எண்ணிவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

மலம் தார்போல் கறுப்பாகப் போதல், இரத்த வாந்தி, காரணமின்றி எடை குறைதல், விழுங்கச் சிரமம், இரத்தசோகை, திடீரென்று வயிறு முழுவதும் தாங்கமுடியாத வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் மிளகாயைக் குறைத்துப் பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. கறுப்பு மலமும் இரத்த வாந்தியும் திடீர் வலியும் கண்டால் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

உங்களில் கம்பெனி நடத்துகிறவர்களும், சூப்பர்வைசர்களும், தொழிலாளரின் பெற்றோரும் இருக்கிறீர்கள். உட்கார்ந்து சாப்பிட நேரம் கொடுங்கள். சுத்தமான குடிதண்ணீர் வையுங்கள். முதலுதவிப் பெட்டியிலிருந்து வலி மாத்திரையைக் கேட்டதும் எடுத்து நீட்டாதீர்கள். ஒருவர் மாதக்கணக்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தால், அரை நாள் லீவு கொடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அந்த அரை நாளில் ஒரு குடும்பத்தின் ஆதாரம் காப்பாற்றப்படலாம்.