பசியென்னும் தளை
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் குலத்துப் பிள்ளைகளின் கல்வியைக் குறித்தும் விவாகச் செலவைச் சுருக்குதல் குறித்தும் இம்மேடையிற் பலகாலும் பேசியிருக்கின்றோம். இன்று யான் பேசப் புகுவது நம்மவரைப் பற்றியதன்று. நம்மவரிடத்து வேலை செய்வோரைப் பற்றியது. சிலருக்கு இது கசக்கும். கசப்பினும் பொறுத்துக் கேட்டருளுமாறு வேண்டுகின்றேன்.

என் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். தைப்பொங்கல் கழிந்ததும் அவன் வரவு நின்றுபோயிற்று. விசாரித்ததில், அவன் தாய் தந்தையர் ஒரு செங்கற்சூளையில் முன்பணம் வாங்கியிருந்தமையால் குடும்பத்தோடு அங்கே குடிபோயினர் என்று தெரிந்தது. சூளை நின்றபின் அவன் மீண்டு வந்தான். கற்பித்த எழுத்துக்களுட் பல மீண்டு வரவில்லை. அச்சூளைக்கு உடையவர் நம்மவர்; தருமவான் என்று பெயரெடுத்தவர். அவரைக் கேட்டேன். "ஐயா, நான் எவரையும் கட்டியிழுத்து வரவில்லையே! தாமாகவே வந்து கேட்டார்கள், கைந்நாட்டு வைத்தார்கள், இதிற் பலவந்தம் ஏது?" என்றார். அன்று எனக்கு விடை தோன்றவில்லை. வாய்மூடித் திரும்பினேன்.

அவ்வினாவுக்கு விடை பின்னர் ஒரு தீர்ப்பிற் கிடைத்தது. 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டு விழாவின்பொருட்டுத் தில்லியிற் பெருங்கட்டடங்கள் எழுந்தன. அங்கு உழைத்தோர்க்கு நாளொன்றுக்கு உரிய குறைந்தபட்சக் கூலி ரூ. 9.25. ஆள் சேர்த்துக் கொணர்ந்த ஜமேதார்கள் தலைக்கு 1 ரூபாயைத் தமக்கென எடுத்துக்கொள்ள, உழைத்தவன் கைக்கு வந்தது ரூ. 8.25. இச்செய்தியைத் தெரிவித்து எழுதப்பெற்ற கடிதமொன்றையே மனுவாக ஏற்று உச்ச நீதிமன்றம் விசாரித்தது. அரசியற் சட்டத்தின் 23-ஆம் பிரிவு பலவந்த வேலையைத் தடுக்கின்றது. பலவந்தமென்பது தடியாலும் சட்டத்தாலும் வருவது மட்டுமன்று. வறுமையால் வேறு வழியற்ற ஒருவன் குறைந்தபட்சக் கூலியினும் தாழ்ந்த கூலிக்கு இசைவானாயின், அவனை இசைவித்த பசியும் பலவந்தமே என்று நீதிபதி பகவதி அவர்கள் தீர்ப்பளித்தார்கள்.

ஒரு ரூபாய்தானே என்று எண்ணற்க. அந்த ஒரு ரூபாயிலே இசைவு என்னும் சொல்லின் பொருளே மாறிவிட்டது. நண்பரது சூளையில் வைத்த கைந்நாட்டும் அத்தகையதே.

இனிச் சட்டத்தையும் சொல்லிவிடுகின்றேன். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி, அவ்வாறு பிணிக்கும் முன்பணக் கடன் கடனேயன்று. திருப்பிக் கொடுக்க வேண்டுவதில்லை. பிணித்தவர்க்கு 3 ஆண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

மற்றொன்று, என் தொழிலைச் சார்ந்தது. ஒருவரைப் பன்மையாற் கூறுதல் இலக்கண நெறியன்றாயினும், உயர்வு கருதி வழங்குவதென்று தொல்காப்பியனார் அமைத்தார். அவ்வுயர்வு பொருளுடையார்க்கு மட்டும் என்று அவர் வரையறுத்ததாக யான் படித்ததில்லை. நம் வீடுகளிலோ, அறுபது வயதுக் கிழவரைப் பத்து வயதுப் பிள்ளை "அடே" என்று அழைக்கின்றது, பெற்றோர் கேட்டுக்கொண்டிருக்கின்றோம். என் வீட்டிலும் அது நிகழ்ந்ததுண்டு. வெட்கத்தோடு சொல்லுகின்றேன்.

ஆதலின் அவைமுன் ஒரு தீர்மானம் வைக்கின்றேன். சூளையும் ஆலையும் உடைய அங்கத்தினர் பழைய முன்பணக் கணக்கைக் கிழித்தெறிக; கூலியை நேரே உழைத்தவர் கையிற் கொடுக்க; கணக்குப் புத்தகத்தின் படியொன்று அவரிடமே இருக்கட்டும்; பிள்ளைகளைச் சூளைக்கு அருகிலுள்ள பள்ளியிற் சேர்ப்பிக்க.

சூளையுடைய அங்கத்தினர் சிலர் இவ்வவையில் உளர். தை பிறக்க இன்னும் இரண்டு திங்கள் இருக்கின்றன. முன்பணம் கொடுக்கும் காலம் இதுவே.