நாய் வாங்கப் போன கதை

69 வயதில் ஒருவன் புதிதாக ஒரு நாய் வளர்க்கத் தொடங்கலாமா? இந்தக் கேள்வியைக் கேட்டதும் நேயர்களில் சிலர் புன்னகை செய்யக்கூடும். உலகத்தில் தீர்க்கவேண்டிய பிரச்சினைகள் எத்தனையோ இருக்க, இதுவும் ஒரு கேள்வியா என்று தோன்றலாம். ஆனால் எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி ஏறக்குறைய எட்டு மாதங்கள், அழையாமல் வந்த விருந்தாளியைப் போல, நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தது.

எங்கள் வீடு தென்காசியில், காசி விசுவநாதர் கோவிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் எங்களோடு ஒரு நாய் இருந்தது. மழைக்கு ஒதுங்கிய தெருக்குட்டி ஒன்றை, கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருந்த என் மகள் எடுத்து வந்தாள். பிறகு அவள் கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போய்விட்டாள். நாய் எங்களுக்கு மிஞ்சியது. விடியற்காலை ஐந்து மணிக்கு அது என் கட்டிலின் காலைச் சுரண்டும். இருவரும் ரத வீதிகளைச் சுற்றிவிட்டுக் கோபுர வாசலுக்கு வருவோம். பொதிகைமலைக் காற்று அந்த வாசலில் புகுந்து வீசுகின்ற வேகம் தென்காசிக்காரர்களுக்குத் தெரியும். நாயின் இரண்டு காதுகளும் அந்தக் காற்றில் பின்னால் மடிந்து பறக்கும். கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் நிற்கும். பிறகு வீடு திரும்புவோம்.

முந்தின ஆண்டுச் சித்திரையில் அது இறந்துபோயிற்று. அதன் பிறகு நான் காலையில் நடப்பதை நிறுத்திவிட்டேன். நிறுத்த வேண்டும் என்று தீர்மானம் எதுவும் செய்யவில்லை. கட்டிலைச் சுரண்ட ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்துச் சர்க்கரையின் அளவைப் பார்த்த வைத்தியர், "என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டார். "ஒன்றும் செய்யவில்லை" என்றேன். "அதுதான் தெரிகிறது" என்றார்.

மகள் தொலைபேசியில், "ஒரு குட்டி வாங்கிக்கொள்ளுங்கள் அப்பா" என்று சொல்லிவிட்டாள். பிள்ளைகளுக்கு யோசனை சொல்வது எளிது. நான் தபால் இலாகாவில் 35 ஆண்டு கூட்டிக் கழித்தவன். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு நாய் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டு வாழும். இன்றைக்குக் குட்டியாக வந்தால் அது கிழடு தட்டும்போது எனக்கு 82 வயது ஆகியிருக்கும். என் தகப்பனார் 74-இல் காலமானார். ஆகவே, நாயை நான் அடக்கம் செய்வேனா, என் பாடைக்குப் பின்னால் நாய் வருமா என்பது கணக்கில் தெளிவாகவே தெரிந்தது. நாய்க்குக் கொள்ளி போடத் தெரியாது, காத்திருக்கத்தான் தெரியும். வாசலைப் பார்த்துக்கொண்டே காத்திருக்கும். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வளர்ப்புப் பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் வளர்த்தவனே உலகத்தைக் கைவிட்டுவிட்டால், சட்டம் யாரைப் போய்க் கேட்கும்?

என் மனைவியின் கட்சி வேறு. "இந்த வயசுல நமக்கு என்னத்துக்கு நாய்? நம்மளப் பாக்கவே ஒரு ஆள் வேணும்னு சொல்லுதீய" என்றாள். அவளுக்கு நாயிடம் பயமும் உண்டு. எட்டு வயதில் கடையநல்லூரில் அவளை ஒரு நாய் கடித்துவிட்டது. அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. 1885-இல் லூயி பாஸ்டர் கண்ட சிகிச்சையின் வழியில் வந்ததுதான் அது. அதற்காகவே நம் குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்தப் பழைய மருந்தை 2004-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். இப்போது கையில் நாலைந்து ஊசியோடு காரியம் முடிந்துவிடுகிறது. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. வெறிநோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. கடிபட்ட இடத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பதினான்கு ஊசியை வயிற்றில் வாங்கிய குழந்தையிடம் நாயின் பெருமையைப் பேசி என்ன பயன்? பன்னிரண்டு ஆண்டும் அவள் எங்கள் நாய்க்கு எட்டி நின்றே சோறு வைத்தாள். அது போன பிறகு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவளும் அவள்தான். அவளுடைய மறுப்பில் பயம் எவ்வளவு, மறுபடியும் ஒரு பிரிவா என்ற சலிப்பு எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

நம் முன்னோர்களுக்கும் இந்த விஷயத்தில் இரண்டு மனம்தான். மணிவாசகர் தம்மைத் தாழ்த்திக்கொள்ளும் போதெல்லாம் நாயைத் துணைக்கு அழைக்கிறார். நாலடியாரோ நட்பு என்று வரும்போது யானையைத் தள்ளிவிட்டு நாயைக் கொண்டாடுகிறது. பாகனையே கொல்லும் யானை. எறிந்த வேல் உடம்பில் இருக்கும்போதே வாலை ஆட்டும் நாய். நான் நாலடியார் கட்சி. ஆகவே, மனைவியிடம் "சும்மா பார்த்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு இராஜபாளையத்துக்கு ரயில் ஏறினேன்.

இராஜபாளையம் நாயின் மேல் எனக்குப் பழைய மோகம். 2005-ஆம் ஆண்டு ஜனவரியில் நம் நாட்டு நாய் இனங்கள் நான்கிற்குத் தபால் தலை வெளியிட்டார்கள். அவற்றில் தமிழ்நாட்டுக்கு உரியது அது ஒன்றே. பால்போன்ற உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாக அது அந்தத் தாளில் நின்ற நிலையை, விற்பனைச் சன்னலில் இருந்தபடி நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பாளையக்காரர் நாய் என்றும் அதற்கு ஒரு பெயர். நம் தென்பாண்டிச் சீமையைச் சுற்றி நல்ல நாய்களுக்குக் குறைவில்லை. சிப்பிப்பாறை இருக்கிறது, கருமையும் பழுப்பும் கலந்த கன்னி நாய் இருக்கிறது, சற்று வடக்கே தள்ளிப் போனால், செந்நிற உடலும் கறுத்த முகமும் கொண்ட கோம்பை நாய். 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் இந்த இனங்களைப் பெயர் சொல்லிப் பாராட்டிய பிறகு, நகரத்தார் பலருக்கும் இவற்றின் மேல் ஆசை பிறந்திருக்கிறது. ஆசை நல்லதுதான். ஆனால் ஆசை மட்டும் நாயைக் காப்பாற்றாது.

பாம்புக்கோவில் சந்தை, சங்கரன்கோவில் வழியாக இராஜபாளையம் போய்ச் சேர்ந்தேன். நண்பர் ஒருவர் சொல்லிவிட்ட வீட்டில் ஐந்து குட்டிகள் இருந்தன. குட்டி பார்க்கப் போகிறவர்கள் தாயையும் பார்க்க வேண்டும் என்பார்கள். தாய் கட்டுத்தறியில் நின்றது. மெலிந்திருந்தாலும் கம்பீரம் குறையவில்லை. குட்டிகளுக்கு நாற்பது நாள் என்றார் வீட்டுக்காரர். எட்டு வாரத்துக்கு முன்னால் தாயிடமிருந்து குட்டியைப் பிரிக்கலாகாது என்று சொன்னேன். "நாளைக்கே மதுரையிலிருந்து ஆள் வருகிறார்" என்பது பதில்.

முழு வெண்மையான நாய்களில் சில, பிறவியிலேயே காது கேளாமல் பிறப்பதுண்டு. வெண்மைக்கும் செவிட்டுத்தன்மைக்கும் பரம்பரையில் ஒரு தொடர்பு இருக்கிறது. இதைப் படித்திருந்ததால், குட்டிகளின் பின்னால் போய்க் கையைத் தட்டினேன். நான்கு குட்டிகள் திரும்பிப் பார்த்தன. ஒன்று திரும்பவில்லை. மறுபடி தட்டினேன். தரையில் ஓர் எறும்பை முகர்ந்துகொண்டிருந்தது. "அது விளையாட்டுக் கவனத்தில் இருக்கு" என்றார் வீட்டுக்காரர். ஐந்திலும் அழகான குட்டி அதுதான். அந்தக் குட்டியை இன்னும் சில சமயம் நினைத்துக்கொள்கிறேன்.

நான் ஒன்றையும் வாங்கவில்லை. அந்தக் குட்டியின் குறை காரணம் அன்று. என்னுடைய குறைதான் காரணம். அந்தத் தாய் நாய் தெருவில் போன ஒரு பூனையைக் கண்டு ஒரு முறை சங்கிலியை இழுத்தது. தறி ஆடியது. வேட்டைக்கென்று தலைமுறை தலைமுறையாக வளர்த்த உடம்பு அது. அதற்கு ஓடுவதற்கு வெளி வேண்டும். கூட ஓடுவதற்கு ஆள் வேண்டும். என் வலது முழங்கால் மாடிப்படி ஏறும்போதே முறையிடுகிறது. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நான் விழுந்தால் உடைவது இடுப்பெலும்பு. இந்த வயதில் இடுப்பெலும்பு உடைந்தவர்களின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. தபால் தலையில் இருந்த நாயைத் தபால் தலையிலேயே விட்டுவிட்டு ஊர் திரும்பினேன்.

என் மனைவி, "என்ன, சும்மா பாத்துட்டு வந்தாச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

இனிக் குற்றாலத்துக்கு வருகிறேன். அங்கே மலையடிவாரத்தில் என் தங்கையின் வீடு இருக்கிறது. "அண்ணே, மதினியையும் கூட்டிக்கிட்டு இங்கயே வந்து இருங்க. நாயோ பூனையோ வளத்துக்கிடலாம்" என்று அவள் பல நாளாகச் சொல்லிவந்தாள். தோட்டம் உண்டு, குளிர்ச்சி உண்டு. ஆனால் அவள் வளர்த்த நாய் ஒன்று ஓர் இரவில் சத்தமில்லாமல் மறைந்துவிட்டது. காலையில் ஈர மண்ணில் சிறுத்தையின் காலடி இருந்தது. மலையிலிருந்து இறங்கும் சிறுத்தைக்கு, மானைக் காட்டிலும் கட்டிப்போட்ட நாய் எளிய இரை. பகலில் குரங்குகளின் ஆட்சி. சாரல் காலத்தில் உண்ணியின் தொல்லை. குற்றாலம் மனிதனுக்குச் சொர்க்கமாக இருக்கலாம். இரவில் வெளியே படுக்கிற நாய்க்கு அப்படியல்ல. ஆகவே நாய் வளர்ப்பதென்றால் தென்காசி வீட்டில்தான் என்பது முடிவாயிற்று. எந்த நாய் என்பது மட்டும் பாக்கி.

குற்றாலத்து நாய்களுக்கு இரண்டு வாழ்வு உண்டு. ஆனியில் சாரல் விழத் தொடங்கினால் ஊர் நிறைந்துவிடும். பஜ்ஜிக் கடைகளும் பரோட்டாக் கடைகளும் இரவு பகலாக நடக்கும். நாய்கள் தின்று தின்று உருண்டுவிடும். பிறகு கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வருவார்கள். தை பிறந்து அவர்களும் போய்விட்டால், பேரருவி நூலாய் இளைத்துவிடும், கடைகள் அடைபடும். மாசி, பங்குனியில் கடைத்தெருவில் நடந்து பாருங்கள். ஆனியில் கண்ட அதே நாயின் விலா எலும்புகளை எண்ணலாம்.

பேரருவிக்குப் போகும் வழியில் என் தங்கை மகன் சிப்ஸ் கடை வைத்திருக்கிறான். கடையின் பின்கட்டிலேயே குடியிருக்கிறான். அந்தக் கடை வாசலில் செம்மண் நிறத்தில் ஒரு பெட்டை நாய் கிடக்கும். இடது காதின் நுனியில் சிறு வெட்டு. கருத்தடை செய்யப்பட்டதற்கு அடையாளம். மாசி மாதம் நானும் என் மனைவியும் அங்கே போயிருந்தபோது, அது எழுந்து வந்து, எங்களுக்கு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்தது. வாலை ஆட்டவில்லை, கெஞ்சவில்லை, அருகிலும் வரவில்லை. என் மனைவி சற்று நேரம் அதைப் பார்த்திருந்துவிட்டு, "இது மரியாதை தெரிஞ்ச நாயா இருக்கே" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. இத்தகைய வேளைகளில் கணவன்மார் வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

குட்டியின் குணம் யாருக்கும் தெரியாது. இந்த நாயின் குணமோ ஆறு ஆண்டாகக் கடைத்தெரு முழுவதும் அறிந்தது. பத்தாயிரம் பேர் நடக்கும் தெருவில் யாரையும் கடித்ததில்லை. மிருக வைத்தியர் பல்லைப் பார்த்து, ஆறு வயதுக்கு மேல் ஏழுக்குள் இருக்கும் என்றார். நான் மறுபடி தாளை எடுத்தேன். நாய்க்கு இன்னும் ஏழு ஆண்டு என்று வைத்தால், எனக்கு 76. கணக்கு ஏறக்குறைய நேராக வந்தது.

நேராக வராவிட்டால்? அதை என் மனைவிதான் கேட்டாள். என்னிடம் அல்ல, மருமகனிடம். "மாமாவுக்கு ஒண்ணுன்னா, எனக்கு ஒண்ணுன்னா, இதை யாரு பாக்கது?" என்று கடைத்தெருவிலேயே கேட்டுவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. "நான் பாத்துக்கிடுதேன் அத்தை. அதுக்குத் தெரிஞ்ச தெருதானே? ராத்திரி பின்கட்டுக்குள்ள படுத்துக்கிடும்" என்றான். அன்றிரவு இதை நான் என் குறிப்புப் புத்தகத்தில், வங்கிக் கணக்கு எண்களுக்கும் வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்துக்கும் கீழே, எழுதி வைத்தேன். நாயின் செலவுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையும் எழுதினேன். பெங்களூருக்கு நாங்கள் போகும் நாட்களிலும் அவனிடமே விடுவது என்று ஏற்பாடு. ரயிலில் நாயைக் கொண்டுபோக வேண்டுமானால் கார்டு பெட்டியில் உள்ள கூண்டில் அடைக்க வேண்டும். அல்லது முதல் வகுப்பில் ஒரு தனி அறை முழுவதையும் பிடிக்க வேண்டும். முதலாவதற்கு மனம் வராது. இரண்டாவதற்கு ஓய்வூதியம் வராது.

பங்குனியில் ஓர் ஆட்டோவில் அதை அழைத்து வந்தோம். முதல் இரண்டு நாள் அது வீட்டுக்குள் வரவில்லை. வாசற் கதவருகே மேற்கே மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. தவறு செய்துவிட்டோமோ என்று எனக்கு இரண்டு இரவும் தூக்கம் இல்லை. அந்த நாய்க்கும் குற்றாலம் சொந்த ஊர்தானே? மூன்றாம் நாள் திண்ணைக்கு வந்தது. எங்கள் வீடு சைவம். தயிர்சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு என் மனைவியை ஏறிட்டுப் பார்த்தது. பரோட்டாவும் சால்னாவும் கண்ட நாய் அல்லவா? இப்போது வாரம் இரண்டு முறை மருமகன் அவித்த முட்டை கொண்டுவருகிறான். அதைத் திண்ணையில் வைத்துக் கொடுப்பது என்று சமரசம் ஆகியிருக்கிறது.

இது கட்டிலைச் சுரண்டுவதில்லை. ஐந்து மணிக்குத் திண்ணையிலிருந்து ஒரு பெருமூச்சு விடும், நான் எழுந்துகொள்கிறேன். முதல் நாள் கோபுர வாசலுக்குக் கூட்டிப்போனபோது காற்று முகத்தில் அடித்ததும் திடுக்கிட்டுப் பின்வாங்கி, என் காலோடு ஒட்டி நின்றது. அன்றிலிருந்து அந்த வாசலை விட்டுவிட்டு, தெற்கு ரத வீதியோடு திரும்பிவிடுகிறோம். பெயர் இன்னும் வைக்கவில்லை. மருமகன் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான், என் மனைவி "ஏட்டி" என்று கூப்பிடுகிறாள், இரண்டுக்கும் வருகிறது. வெறிநோய்த் தடுப்பூசி ஒன்று போட்டாகிவிட்டது. அடுத்த ஊசிக்கு வருகிற வெள்ளிக்கிழமை போக வேண்டும். கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொள்ளத் தானும் வருவதாக என் மனைவி சொல்லியிருக்கிறாள்.