உப்பள வெயிலுக்கு ஏற்ற கோழி



கழுத்தில் இறகே இல்லாத நாட்டுக்கோழியைப் பார்த்திருப்பீர்கள். கழுகுக்கோழி என்பார்கள், கிராப்புக்கோழி என்றும் சொல்வார்கள். சீக்குக்கோழி என்று நினைத்து விலையைக் குறைத்துக் கேட்பவர்களும் உண்டு. மரக்காணம் உப்பளக் கரையில் கொல்லைப்புறத்தில் கோழி வளர்ப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான கோழி இல்லை என்பது என் துணிபு. காரணத்தைச் சொல்கிறேன், குறையையும் சொல்கிறேன்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. கொண்டை, தாடி, கால், மூச்சு இவற்றின் வழியாகத்தான் உடம்புச் சூடு வெளியேற வேண்டும். உப்பு நன்றாக விளைகிற சித்திரை வெயிலில் மரநிழல் இல்லாத வெட்டவெளியில் கோழி வாயைப் பிளந்து இரைக்கிறது. தீனி குறைகிறது, முட்டை குறைகிறது, ஓடும் மெலிகிறது. கழுகுக்கோழிக்கு வெறுங்கழுத்தே சூட்டைக் கழிக்கும் வழி. கழுத்து மட்டுமல்ல, உடம்பு முழுவதுமே அதற்கு இறகு குறைவு. இந்தக் குணம் தாய், தகப்பன் இரண்டில் ஒன்றிடமிருந்து மட்டும் வந்திருந்தால் கால் பங்கு அளவுக்கும், இரண்டிடமிருந்தும் வந்திருந்தால் 40 விழுக்காடு அளவுக்கும் இறகு குறைகிறது. இறகு பெரும்பாலும் புரதம். அதற்குச் செலவாகாத புரதம் கறியாகச் சேர்கிறது.

இதை அறிந்துதான் பரேலி அருகே இஜ்ஜத் நகரில் உள்ள மத்தியப் பறவை ஆராய்ச்சி நிறுவனம், கழுகுக்கோழியைக் கலந்து ‘ஹிட்காரி’ என்ற கொல்லைப்புறக் கோழியை உருவாக்கியது. பிரான்சில் ‘லேபிள் ரூஜ்’ என்ற தர முத்திரையோடு, குறைந்தது 81 நாள் வளர்த்து விற்கும் கோழிகளிலும் வெறுங்கழுத்து வகைகள் இருக்கின்றன. அங்கே தரமான கறிக்கோழியாக வாங்குவதை இங்கே நாம் சீக்கு என்று ஒதுக்குவது நியாயமில்லை.

இனி, இனவிருத்தி. வெறுங்கழுத்து மேலோங்கும் குணம். வெறுங்கழுத்துச் சேவல் ஒன்றை எட்டு, பத்து சாதாரணப் பெட்டைகளோடு விட்டாலே போதும். சேவலின் கழுத்து முன்பக்கத்தில் சிறு இறகுக் கொத்து இருந்தால், குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதி வெறுங்கழுத்தாக வரும். கொத்தே இல்லாத சேவல் என்றால் எல்லாக் குஞ்சும் வெறுங்கழுத்துதான். பொரித்த அன்றே கழுத்தைப் பார்த்துப் பிரித்துவிடலாம். வெறுங்கழுத்தையே வெறுங்கழுத்தோடு சேர்த்துக்கொண்டு போக வேண்டாம். இரு வழியிலும் குணம் வந்த முட்டைகளில் பொரிப்பு குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அண்ணன் தங்கை சேராமல் சேவலையும் அவ்வப்போது மாற்றுங்கள்.

அடை வைக்கிற முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. கோடையில் ஈரமணல் மேல் வைத்த பானைக்குள் சேர்த்து வையுங்கள். ஒரு அடைக்கோழிக்குப் பத்து, பன்னிரண்டு முட்டை. ஏழாம் நாள் இரவு விளக்கொளியில் பார்த்துக் கூமுட்டையை எடுத்துவிடுங்கள். 21ஆம் நாள் குஞ்சு வரும்.

உப்பளக் கரைக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. கருவாட்டுக் கழிவு சும்மா கிடைக்கிறதே என்று குஞ்சுகளுக்குப் போடாதீர்கள். உப்பு கூடினால் குஞ்சு கழிந்து கழிந்து சாகும். உவர்நீரும் ஆகாது, நாம் குடிக்கிற நல்ல தண்ணீரையே வையுங்கள். புரதத்துக்குப் பழைய முறையே நல்லது. பானையில் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணமும் போட்டு, தண்ணீர் தெளித்துக் கவிழ்த்து வைத்தால் கரையான் சேரும். வெள்ளைக் கழிச்சலுக்கு ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் ஊசி. இரண்டையும் தவறவிடக் கூடாது.

குறை என்ன? கோடையில் காப்பாற்றுகிற அதே வெறுங்கழுத்து மழையில் நடுங்க வைக்கும். வடகிழக்குப் பருவமழையில் பாத்திகள் முழுகும்போது, கடற்காற்றும் ஈரமும் சேர்ந்து குஞ்சுகளை வதைக்கும். காற்று வருகிற பக்கம் சாக்குப்படுதா, தரையில் காய்ந்த உமி, முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் சூடு தரும் பல்பு, இவை அவசியம். ஐப்பசி, கார்த்திகையில் அடை வைக்காமல் இருப்பதே மேல்.

தை, மாசியில் அடை வையுங்கள். அக்னி நட்சத்திரம் வரும்போது குஞ்சுகள் தேறியிருக்கும், வெயிலைத் தாங்கும். ஆவணி வாக்கில் பெட்டைகள் முட்டைக்கு வரும், சேவல்கள் விலைக்கு ஆகும். உப்பள வேலை நின்று கையில் கூலி இல்லாத ஐப்பசி மாதத்தில்தான் அந்த முட்டைக்கும் கறிக்கும் மதிப்பு. ஆகவே அடுத்த முறை சந்தையில் ஆரோக்கியமான வெறுங்கழுத்துச் சேவலைக் கண்டால், குறைத்துக் கேட்காமல் உரிய விலை கொடுத்து வாங்கி உங்கள் பெட்டைகளோடு விடுங்கள்.