யூபிலியும் எல்லைக்கல்லும்



யூபிலி என்றதும் கொடியேற்றமும் தேர்பவனியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரத்தில் யூபிலி என்பது நிலத்தைப் பற்றியது. 50-ஆம் ஆண்டில், விற்ற காணி உரியவரிடமே திரும்ப வேண்டும். ஏனெனில் நிலம் ஆண்டவருடையது, நாமோ அவரிடம் தங்கியிருப்பவர்கள்.

1802-இல் வில்லியம் லாம்ப்டன் இந்திய நாட்டை அளக்க முதற்கோடு போட்டது நமக்கு அருகிலுள்ள பரங்கிமலைப் பக்கத்தில்தான். ஆயினும் மயிலையில் வீடு மந்திரிக்கச் செல்லும்போது நாம் காண்பது என்ன? அரையடிச் சுவருக்காக இரு குடும்பங்கள் பேச்சை நிறுத்திவிடுகின்றன. பூசையில் சமாதானம் கொடுக்கும் நேரத்திலும் முகம் திரும்பிக்கொள்கிறது.

அளப்பதற்கு வழி இல்லாமலில்லை. நில அளவை, எல்லைகள் சட்டம் 1923 முதல் இருக்கிறது. சுவர் எழுப்புமுன், பத்திரமும் பட்டாவும் வரைபடமுமாக இரு வீட்டாரும் சேர்ந்தே சர்வேயரை வரவழைப்போம். ஒருவர் மட்டும் அழைத்தால், சரியான அளவும் சூழ்ச்சியாகத் தோன்றும். கல் நட்டபின், நமக்கு உரியதல்லாததை விட்டுக்கொடுப்போம். அது தோல்வியன்று; அதுவே யூபிலி.

சகோதரனோடு மனத்தாங்கல் இருந்தால், காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகும்படி நம் ஆண்டவர் சொன்னார். பீடத்துக்கும் அடுத்த வீட்டு வாசலுக்கும் தூரம் அதிகமில்லை. இந்த யூபிலியில் அதை நடந்து கடப்போம்.